பதினெட்டு பவுண்டு காற்று

தை பிறந்துவிட்டால் எங்கள் அச்சகத்தில் காலண்டர் வேலை ஓய்ந்துவிடும். தினசரித் தாள்களில் தேதி, கிழமை, நட்சத்திரம், ராகு காலம் எல்லாம் சரியாகப் பொருந்தியிருக்கின்றனவா என்று பார்ப்பது திருத்தங்கலில் என் பிழைப்பு. வருடத்தின் பெரும்பகுதியை அடுத்த வருடத்திலேயே கழித்துவிட்டு, தையில்தான் நடப்பு நாளுக்குத் திரும்புவேன். அதனால் 2006ஆம் ஆண்டு பொங்கல் முடிந்து, தை அமாவாசைக்கு முன்னால் வந்த அந்த வெள்ளிக்கிழமை எனக்கு வேலை இல்லை என்பதில் சந்தேகமே கிடையாது. வேலை இருந்திருந்தால் அக்கா என்னை அந்த ஜீப்பில் ஏற்றிவிட்டிருக்க முடியாது.

"ஏலே தம்பி, முன்னாடி உக்காராத. பின்னாடி உக்காந்து அந்த வண்டியவே பாத்துக்கிட்டு வா. லேசா ஆடுனாலும் நிப்பாட்டச் சொல்லு. அவுக சொல்ல மாட்டாக."

அவுக என்றால் அத்தான். நாரணாபுரம் பக்கத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். அந்த வண்டி என்றால் ஜீப்பின் பின்னால் கட்டி இழுக்கப்போகிற ஒரு சின்ன டிரெய்லர். அதன் மேல் ஒரு படகு. கடல் இல்லாத எங்கள் பக்கத்தில் படகைச் சாலையில் இழுத்துப் போக வேண்டி வந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

முந்தைய சித்திரையில், அத்தான் மருந்து கலக்கும் அறையில் நின்றிருந்தபோது தட்டில் இருந்த கலவை பற்றிக்கொண்டது. வெடிப்பதற்கு முன் அது ஒரு சத்தம் கொடுத்ததாம், 'ஸ்ஸ்' என்று. அதைக் காதில் வாங்கிய கணத்தில் மற்றவர்களையும் தள்ளிக்கொண்டு வெளியே பாய்ந்தார். அறை போயிற்று, ஆள் யாரும் போகவில்லை. உடம்பில் ஒரு கீறல் இல்லாமல் வீட்டுக்கு வந்தார். ஆனால் அன்றிலிருந்து அந்தச் சத்தத்தை அவரால் தாங்க முடியவில்லை. அக்கா குக்கரைப் பரணில் ஏற்றிவிட்டாள். அவர் கொல்லைப்பக்கம் போகும்வரை காத்திருந்து தோசை வார்ப்பாள். சோடா பாட்டில் திறக்கும் கடைப் பக்கம் அவர் போவதில்லை.

கம்பெனியில் அவரை மருந்து அறையிலிருந்து பேக்கிங்குக்கு மாற்றினார்கள். அப்படியும் அக்கா தினமும் காலையில் கேட்பாள்: "இன்னைக்கு எந்த ரூமு?" அவர் "பேக்கிங்" என்று சொன்ன பிறகுதான் டிபன் டப்பாவைக் கையில் கொடுப்பாள். சாயங்காலம் சட்டையை வாங்கி முகர்ந்து பார்ப்பாள். அவர் காது மடலில் அலுமினியத் தூள் மினுங்குகிறதா என்று விளக்கைத் தூக்கிப் பிடித்துப் பார்த்ததையும் நான் கண்டிருக்கிறேன்.

பொங்கலுக்கு முன் கம்பெனியிலிருந்து ஒரு சேதி வந்தது. மருந்து அறைக்கு அனுபவமான ஆள் இல்லை, ஆர்டர் குவிந்து கிடக்கிறது, திங்கட்கிழமையிலிருந்து பழைய இடத்துக்கே திரும்ப வேண்டும், இல்லை என்றால் வேறு ஆள் பார்த்துக்கொள்வோம். அக்கா அன்றிரவு சாப்பிடவில்லை.

அந்த ஐப்பசி, கார்த்திகையில் நல்ல மழை. எங்கள் பக்கத்துக் கண்மாய்களெல்லாம் நிறைந்திருந்தன. அச்சங்குளத்துப் பக்கம் நிலபுலன் உள்ள ஒருவர் இரண்டு கண்மாய்களில் மீன் பிடிக்கும் குத்தகை எடுத்திருந்தார். அத்தானுக்குப் பழக்கமானவர், அத்தான் அவரை அண்ணாச்சி என்று கூப்பிடுவதால் நானும் அப்படியே கூப்பிட்டேன். கூட்டுக்கு ஆள் தேடியவர் அத்தானிடம் சொன்னது இவ்வளவுதான்: "குத்தகை என் பொறுப்பு, படகு உம்ம பொறுப்பு. ரெண்டு கண்மாய்க்கும் ஒரே படகுதான். தண்ணியிலேயே விட்டுட்டு வந்தா காலையில துடுப்புகூட இருக்காது. வாரா வாரம் இழுத்துட்டுப் போகணும், இழுத்துட்டு வரணும். முடியுமா போர்மேனே?"

அத்தான் முடியும் என்றார். தூத்துக்குடியிலிருந்து பழைய பைபர் படகு ஒன்று லாரியில் விருதுநகர் வந்து இறங்கியது. நாலு பேர் சேர்ந்தால் தூக்கிவிடலாம், அவ்வளவு லேசு. அதற்கேற்ற டிரெய்லரை விருதுநகரிலேயே ஒரு வெல்டிங் பட்டறையில் செய்யச் சொன்னார். சின்னச் சட்டம், ஆட்டோவின் சக்கரங்கள் இரண்டு, ஜீப்பில் மாட்ட ஒரு கொக்கி. கொக்கி கழன்றாலும் வண்டி ஓடிவிடாமல் இருக்கப் பட்டறைக்காரர் இரும்புச் சங்கிலி ஒன்றும் போட்டிருந்தார். அத்தான் அதைப் பார்த்த உடனே கழற்றச் சொல்லிவிட்டார். "ரோட்டுல உரசுனா பொறி பறக்கும். கம்பெனிப் பக்கமாப் போற வண்டிக்கு இது ஆகாது." சங்கிலி இருந்த இடத்தில் நைலான் கயிறு வந்தது.

படகு அந்த வெள்ளிக்கிழமை முழுசாகக் கண்மாய் போய்ச் சேர்ந்துவிட்டால், திங்கட்கிழமை அத்தான் மருந்து அறைக்குப் போக வேண்டியதில்லை. அக்கா என்னை ஏற்றிவிட்டது இதற்காகத்தான்.

கிளம்பும் முன் விருதுநகரிலேயே ஒரு பஞ்சர் கடையில் டிரெய்லரை நிறுத்தினோம். கடைக்காரர் காற்றுக் குழாயைக் கையில் எடுத்துக்கொண்டு, "எம்புட்டு அடிக்க?" என்றார்.

"கல்லு மாதிரி அடிங்க," என்றார் அத்தான்.

கடைக்காரர் குனிந்து டயரின் பக்கவாட்டு எழுத்தைப் படித்தார். "நாப்பது பவுண்டுன்னு போட்டிருக்கு."

"அப்ப நாப்பது."

அது அந்த டயர் அதிகபட்சம் தாங்கக்கூடிய அளவு. எந்தச் சுமைக்கு எவ்வளவு வைக்க வேண்டும் என்பதற்கு அந்த எண் பதிலே இல்லை. இதை எங்களில் ஒருவரும் அன்று அறிந்திருக்கவில்லை. அத்தானுக்கு வேறு ஒரு கணக்கு இருந்தது. கம்பெனியிலிருந்து லோடு லாரி கிளம்பும்போது டயர்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்பது அவர் வேலை. காற்றுக் குறைந்த டயர் ஓட ஓடச் சூடாகும். சூடான டயரில் புகை வரும். மேலே இருப்பதோ பட்டாசுப் பெட்டி. அந்தப் பயத்தில் வளர்ந்தவருக்கு மெத்தென்ற டயர் என்றாலே நெருப்பு.

காற்றை அளக்கும் கேஜின் முள் நாற்பதைத் தாண்டிப் போய்விட்டது. "ரெண்டு கூடிப்போச்சுண்ணே, லேசா எறக்கி விடுதேன்," என்று கடைக்காரர் வால்வின் மேல் விரலை வைக்கப் போனார்.

"வேணாம்! விட்ரும், அப்படியே இருக்கட்டும்!" அத்தான் ஏற்கனவே சாலையின் அந்தப் பக்கம் போய்விட்டிருந்தார்.

கடைக்காரர் என்னைப் பார்த்தார். ஜீப்பை ஓட்டி வந்திருந்த அண்ணாச்சிதான் உள்ளே இருந்தபடி சிரித்தார். "என்ன போர்மேனே, காத்துக்கே இப்படின்னா மீனுக்கு எப்படிப் பயப்படுவீரோ!"

நாற்கரச் சாலை வராத காலம் அது. சாத்தூர் வரை ஓரளவு நல்ல சாலை. அதிலேயே நான் பயந்துவிட்டேன். ஜீப்பின் பின்பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தால், சின்னச் சின்ன ஒட்டுப் போட்ட இடங்களில்கூட டிரெய்லர் தரையை விட்டுத் துள்ளியது. படகு சட்டத்தின் மேல் எழும்பி எழும்பி 'டொக் டொக்' என்று விழுந்தது. இரண்டு சக்கரங்களும் ஒரே நேரத்தில் அந்தரத்தில் நின்றதை ஒரு முறை என் கண்ணாலேயே பார்த்தேன்.

"அத்தான், ரொம்பக் குதிக்குது."

"டயரு சூடா இருக்கா பாரு," என்றார் திரும்பாமல். சாத்தூரில் டீ குடிக்க நின்றபோது அவரே இறங்கித் தொட்டுப் பார்த்தார். சில்லென்று இருந்தது. முகம் தெளிந்துவிட்டது. "குதிக்கட்டும் மாப்ளே. சூடு இல்லல்ல?"

சாத்தூரில் மேற்கே திரும்பினோம். அங்கிருந்து இரு பக்கமும் பட்டாசுக் கம்பெனிகள்தான். கம்பி வேலி, வேப்பமரங்கள், ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி நிற்கும் சின்ன அறைகள், சிவப்பு எழுத்தில் எச்சரிக்கைப் பலகை. வேலிக்கு உள்ளே களத்தில் மருந்து உருண்டைகள் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன. பெண்கள் குனிந்து அவற்றைப் பரப்பிக்கொண்டிருந்தார்கள். வேலிக்கு வெளியே பள்ளத்தில் காகிதக் குழாய்களும் கரி படிந்த சாக்குகளும் கிடந்தன. காய்ந்த புல் முழங்கால் உயரம்.

அந்த இடத்தில்தான் சாலையின் குறுக்கே தண்ணீர் அரித்த பள்ளம் ஒன்று இருந்தது. ஜீப் அதில் இறங்கி ஏறிவிட்டது. டிரெய்லர் ஏறவில்லை, பறந்தது. கீழே வந்தபோது கொக்கியின் ஆணி ஒடிந்து, டிரெய்லரின் முன்கம்பி சாலையில் குத்தியது. நைலான் கயிறு மட்டும் விறைத்துக்கொண்டு இழுத்தது. இரும்பு தாரை உழுதுகொண்டு வந்தது. பகலிலும் தெரிந்தது பொறி, மஞ்சளாக, கொத்துக் கொத்தாக, அந்தப் புல்லை நோக்கி.

"நிப்பாட்டுங்க! நிப்பாட்டுங்க!" என்று கத்தினேன். வண்டி நின்றது. இன்ஜினும் நின்றது.

ஒரு கணம் எதுவுமே கேட்கவில்லை. அப்புறம் கேட்டது.

'ஸ்ஸ்ஸ்...'

அத்தான் என் சட்டையைப் பிடித்து இழுத்தது நினைவிருக்கிறது. "ஓடு! ஓடுங்க அண்ணாச்சி! ஏ, உள்ள இருக்கவுக ஓடுங்க, ஓடுங்க!" வேலிக்குள்ளிருந்து பதிலுக்கு ஒரு கூச்சல். தட்டுகள் விழும் சத்தம். பெண்கள் பின்வாசல் பக்கமாக ஓடுவது தெரிந்தது. நாங்கள் சாலையின் மறுபக்கம், அறுத்து முடிந்த சோளக்காட்டில் விழுந்தோம். கரிசல் வெடிப்பில் முகத்தை வைத்துப் படுத்திருந்தேன். சோளத்தட்டையின் அடிக்கட்டை கன்னத்தில் குத்தியது. அசையப் பயம்.

அந்தச் சத்தம் நிற்கவில்லை.

அப்போது என் சட்டைப் பையில் செல்போன் அடித்தது. கம்பெனிகளுக்குள் அதைக் கொண்டுபோகவே விடமாட்டார்கள். எடுத்துப் பார்த்தேன். அக்கா.

"அத அமத்து மாப்ளே." அத்தானின் பல் கிட்டியிருந்தது.

துண்டித்து, போனையே அணைத்தேன். இப்போது இங்கே வெடித்துவிட்டால், தம்பி போனை எடுக்காமல் துண்டித்தான் என்பதுதான் அக்காவுக்குக் கடைசியாகத் தெரிந்த செய்தியாக இருக்கும் என்று தோன்றியது. போன் நழுவி வெடிப்புக்குள் விழுந்துவிட்டது.

"போர்மேனே," என்றார் அண்ணாச்சி தரையோடு தரையாக. "எம்புட்டு நேரம் இப்படிக் கெடக்கணும்?"

"பேசாதீக."

நாங்கள் கேட்டுக்கொண்டே கிடந்தோம். சத்தம் பெருகவும் இல்லை, அடங்கவும் இல்லை. அத்தான் மெல்லத் தலையைத் தூக்கினார். நெற்றி முழுக்கக் கரிசல் மண்.

"மருந்து இம்புட்டு நேரம் பேசாது," என்றார்.

செருப்பைக் கழற்றிப் போட்டார். எங்களைப் படுத்திருக்கும்படி கையைக் காட்டிவிட்டு, வெறுங்காலோடு சாலையைக் கடந்து போனார். புல்லைப் பார்த்தார். பள்ளத்தைப் பார்த்தார். புகை இல்லை. பிறகு இடது சக்கரத்தின் அருகே குனிந்தார். அப்படியே சாலையில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டார்.

நான் ஓடினேன். மட்கார்டைத் தாங்கிய கம்பி ஒடிந்து, அதன் முனை டயரின் வால்வை அழுத்திக்கொண்டிருந்தது.

"காத்துதான் மாப்ளே," என்றார். "வெறும் காத்து." அவர் முகத்தில் நிம்மதி எதுவும் இல்லை. கம்பியைத் தள்ளக்கூட அவர் கை போகவில்லை. நான்தான் தள்ளினேன். சத்தம் நின்றது. நின்ற பிறகுதான் அவர் மூச்சு வாங்குவது எனக்குக் கேட்டது.

கையில் கம்போடு வேலி ஓரம் வந்த வாட்ச்மேன் கத்தத் தொடங்கினார். "யோவ், எந்த எடத்துல எதைக் கொண்டாந்து உரசுதீக? அம்புட்டுப் பொம்பளையாளும் அந்தப் பக்கம் நடுங்கிக்கிட்டு நிக்காக. ஒருத்தி விழுந்து முட்டியப் பேத்துக்கிட்டா." பிறகு கண்ணைச் சுருக்கி அத்தானைப் பார்த்தார். "நீங்க நாரணாபுரத்துப் போர்மேன்ல்ல? நீங்களே இப்படிச் செஞ்சா?"

அத்தான் எழுந்து நின்றார். "தப்புதாண்ணே. விழுந்த பிள்ளைக்கு ரொம்ப அடியா?"

"தோலுதான் உரிஞ்சிருக்கு. கெளம்புங்க மொதல்ல."

படகுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அண்ணாச்சியிடம் சிரிப்பு போய்விட்டது. வேட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டே சொன்னார்: "போர்மேனே, வெளிப்படையாச் சொல்லிர்றேன். ரெண்டாவது கண்மாய்க்கு வாரா வாரம் இந்த ரோட்டுலதான் வரணும். இது இப்படித்தான் குதிக்கும்னா எனக்கு இந்தக் கூட்டு வேண்டாம். எனக்கும் பிள்ளைகுட்டி இருக்கு."

மருந்து அறை காத்திருக்கும் திங்கட்கிழமை அத்தான் முகத்திலேயே தெரிந்தது.

கொக்கிக்கு வேறு போல்ட் மாட்டினோம். ஜீப்பில் இருந்த கேஜை எடுத்து இடது டயரை அளந்தேன். பதினெட்டு. வலது அப்படியே நாற்பத்திரண்டு. இடதில் காற்றடிக்க அத்தான் கால் பம்பை எடுத்தார்.

"மொதல்ல இந்த எடத்த விட்டு நகருவோம்," என்றார் அண்ணாச்சி. ஜீப்பை நடை வேகத்தில் விட்டார். டிரெய்லரைப் பார்த்தபடி நான் பின்னால் நடந்தேன்; பம்பும் கையுமாக அத்தானும் கூட வந்தார். கம்பெனி வேலி முடியும் இடத்தில் கண்மாய்க்குப் போகும் மண்பாதை பிரிந்தது. அதில் இறங்கியதும் ஒன்றைக் கவனித்தேன். பாதையின் மேடு பள்ளத்தில் இடது சக்கரம் சத்தமில்லாமல் உருண்டது. வலது சக்கரம் ஒவ்வொரு கல்லிலும் குதித்தது. புழுதியைப் பார்த்தேன். இடது டயரின் தடம் அகலமாக, இரண்டு ஓரத்திலும் பட்டைகள் தெளிவாக விழுந்திருந்தது. வலது டயரின் தடம் நடுவில் ஒரு கோடு மட்டும், அதுவும் விட்டு விட்டு.

அச்சகத்தில் இது எங்களுக்குத் தினசரிப் பார்வை. காகிதத்தில் அழுத்தம் சரியாக விழாவிட்டால் படத்தின் ஓரம் வெளுத்து, நடு மட்டும் பதியும். பதிவைப் பார்த்து அழுத்தத்தைத் திருத்துவோம்.

"அத்தான், பம்பை வைங்க. இங்கன வந்து பாருங்க."

மூவரும் புழுதியில் குந்தினோம். அத்தான் இரண்டு தடங்களையும் விரலால் தொட்டுப் பார்த்தார். "அப்ப வலதையும் எறக்கணுங்கிற."

"ஆமா."

"சூடு ஏறுமே மாப்ளே."

அண்ணாச்சி இடது டயரில் உள்ளங்கையை வைத்தார். "தொட்டுப் பாரும். கோழி முட்டைச் சூடுகூட இல்ல. நாம என்ன லோடா ஏத்தியிருக்கோம்? நாலு பேர் தூக்குற படகுய்யா."

அத்தான் தொட்டார். வெகுநேரம் கையை எடுக்கவில்லை. பிறகு வலது சக்கரத்தின் முன்னால் போய் உட்கார்ந்து, வால்வின் மூடியைக் கழற்றினார்.

"நான் எறக்குதேன் அத்தான். நீங்க தள்ளிப் போங்க."

"வேணாம். இனி வாரா வாரம் பாக்க வேண்டியவன் நான்தான்."

அண்ணாச்சி ஒரு ஆணியை நீட்டினார். அத்தான் அதை வாங்கவில்லை. கம்பெனி வேலி இன்னும் கண்ணுக்குத் தெரிந்தது. பக்கத்து வேம்பில் ஒரு குச்சியை ஒடித்து, அதன் முனையை வால்வில் வைத்து அழுத்தினார்.

'ஸ்ஸ்ஸ்...'

அவர் கழுத்து நரம்பு புடைத்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டார். கால் தானாக எழுந்திருக்கப் பார்த்தது; இடது கையால் முட்டியைத் தரையோடு அழுத்திக்கொண்டார். கொஞ்சம் விட்டு நிறுத்துவார். நான் கேஜை வைத்து எண்ணைச் சொல்வேன். மறுபடியும் குச்சியை வைப்பார். முப்பதைத் தாண்டி இருபத்தைந்துக்கு வந்தபோது அவர் சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. அது காற்று என்று தெரிந்தும் நானும் என் நகங்களை உள்ளங்கையில் பதித்துக்கொண்டு நின்றேன்.

பதினெட்டில் நிறுத்தினார். நிறுத்திய பிறகும் குச்சியைக் கீழே போடவில்லை.

அங்கிருந்து கண்மாய் வரை டிரெய்லர் குதிக்கவில்லை. நான் திரும்பிப் பார்த்தபோதெல்லாம் புழுதியில் இரண்டு அகலமான தடங்கள் ஒன்றுபோலவே வந்துகொண்டிருந்தன. கரையில் நின்றதும் அத்தான் இறங்கி இரண்டு டயரையும் தொட்டுப் பார்த்தார். வெயில் சூடு மட்டும்தான். அண்ணாச்சி படகின் விளிம்பைத் தட்டி, "சரி, தள்ளும்," என்றார். கூட்டு நிலைத்தது என்பதை அவர் சொன்ன விதம் அதுதான். படகு ஆளில்லாமல் கொஞ்ச தூரம் தானாக மிதந்து போய்த் திரும்பி நின்றது.

வெடிப்பிலிருந்து எடுத்துப் பையில் போட்டிருந்த போனை அப்போதுதான் உயிர்ப்பித்தேன். உடனே அடித்தது.

"ஏலே, ஏம்லே கட் பண்ணுன? எத்தன தடவ அடிக்கேன்! அவுக எங்க? அவுக கிட்ட குடு!"

போனை அத்தான் காதில் வைத்தேன். அவர் கை இரண்டும் ஈரம்.

"படகு முழுசா வந்துருச்சு," என்றார். "திங்கக்கிழமை நான் போகல."

அக்கா எதையோ கேட்டாள். அவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே, "கொரலா? கொரலுக்கு என்ன? புழுதி," என்றார்.

நடந்ததை அவர் அவளிடம் சொல்லவில்லை. ஆனால் அண்ணாச்சி ஒரு நாள் சாப்பிட வந்தவர், சிரிக்கச் சிரிக்கச் சொல்லிவிட்டார், சோளக்காட்டில் நாங்கள் படுத்துக் கிடந்ததை. அக்கா சிரிக்கவில்லை. சட்டியை இறக்கிவைத்துவிட்டு, "காத்துக் கூடிப்போனதாலயா?" என்று மட்டும் கேட்டாள்.

மறுநாளிலிருந்து புதுக் கேள்வி ஒன்று தொடங்கியது. அத்தான் மருந்து அறைக்குத் திரும்பவே இல்லை. 'எந்த ரூமு?' என்ற அந்தக் கேள்வியும் நின்றுபோனது. பதிலாக, அவர் டிரெய்லரின் பக்கத்தில் உட்கார்ந்து கேஜை வைக்கும்போது எழும் அந்தச் சின்ன 'ஸ்' கேட்டதும், உள்ளேயிருந்து அக்காவின் குரல் வரும்.

"எம்புட்டு?"

"பதினெட்டு."

பதினெட்டு பவுண்டு என்றால் கூடவா குறைச்சலா என்று அவளுக்குத் தெரியாது. நான் அங்கே போயிருந்த ஒரு காலையில் அவளை வம்புக்கு இழுக்க அத்தான் "இருபது" என்றார். அக்கா அடுப்பை அணைத்துவிட்டு வாசலுக்கு வந்து நின்றாள். அவர் விளையாட்டுக்குச் சொன்னேன் என்றார். அவள் நகரவில்லை. கடைசியில் அவர் மறுபடியும் குனிந்து, கேஜை வைத்து, அவள் கண்ணெதிரே முள்ளைக் காட்ட வேண்டியிருந்தது. அந்த 'ஸ்'ஸுக்கு அவர் தோள் அப்போதும் ஒரு முறை துள்ளியது. அதை அவளும் பார்த்தாள். பார்த்துவிட்டு, டிபன் டப்பாவைக் கையில் கொடுத்தாள்.